கீல் அவனுடையது

டிரெஸ்டன், 18 செப்டம்பர் 1960

ஆல்மூட்டுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கலாமா என்று யோசித்து, அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீ பதில் எழுதினால் அடுத்த முறை சேர்த்துக்கொள்கிறேன்.

இதைக் கொண்டுவருபவர் எங்கள் கீழ்வீட்டு லிண்ட்னர் அம்மாள். பிரெமனில் இருக்கும் தங்கையைப் பார்த்துவர அவருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கம்பளி பின்னும் பைக்குள் வைத்து எடுத்துவருகிறார். “கெழவி பைய யாரும் தொறக்கமாட்டாங்க. தொறந்தாலும் பாதி சாக்ஸுதான் கெடைக்கும்” என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பெர்லினுக்கு விலங்குகளைப் பார்க்கப் போகிறோம் என்றாய். திங்களன்று நீ வரவில்லை. ஜலதோஷம் என்று நினைத்தேன். செவ்வாயன்று உங்கள் வீட்டு வழியாகப் போனபோது ஜன்னலில் ஜெரேனியம் வாடிக் கிடந்தது. உன் அம்மா செடியை வாடவிடுகிறவர் அல்ல. பெர்லின் வழியாகவே எல்லையைத் தாண்டி மேற்கே போய்விட்டீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு செடி எனக்குச் சொன்னதை நீ சொல்லவில்லை.

அப்பா உன் அப்பாவின் பெயரைச் சொல்வதே இல்லை. போர் முடிந்ததும் ரஷ்யர்கள் விமானப் பொறியாளர்களைக் குடும்பத்தோடு வோல்காக் கரைக்குக் கொண்டுபோனபோது அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள். திரும்பி வந்த பிறகு இங்கே ஆலையில் ஒரே அறையில் வரைந்தவர்கள். இப்போது வெறும் ‘அவன்’.

இனிமேல் சாதாரணத் தபாலில்தான் எழுத முடியும். பிறர் பிரித்துப் படிக்கக்கூடும். அதனால் விமானத்தை நாம் ‘அத்தை’ என்றே எழுதுவோம். நினைவிருக்கிறதா? வோல்காவில் உன் அம்மா, “அவளக் கட்டிக்கிட்டு அழறதுக்கே அவருக்கு நேரம் சரியா இருக்கு” என்பார். “யாரும்மா அந்த அவ? அத்தையா?” என்று நீ கேட்டாய். பெரியவர்கள் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அத்தை ஆகஸ்டில் பறந்தாள்! அம்மா சோப்புக் கையோடு தெருவுக்கு ஓடிவந்தார். அப்பா வானத்தைப் பார்க்கவில்லை, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கதவு தாங்கிடுச்சு” என்று மட்டும் சொன்னார். பயணிகள் ஏறும் அந்தக் கதவு, நம் இரண்டு அப்பாக்களின் கதவு, மேகத்துக்குள் போய்விட்டுத் திரும்பியது.

நம் வகுப்பைத் தத்தெடுத்திருக்கும் அப்பாவின் தொழிற்குழு கொடுத்த வாக்கு அப்படியேதான் இருக்கிறது: அத்தை பயணிகளை ஏற்றத் தொடங்கியதும் நம் வகுப்பு முழுவதையும் பால்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள். குலுக்கலில் உனக்கு விழுந்த ஜன்னலோரச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அதை என்ன செய்வது?

ஹைட்ரூன் மெட்டிக்

*

பிரெமன், 9 அக்டோபர் 1960

அன்புள்ள ஹைட்ரூன்,

நான் ‘அன்புள்ள’ போட்டுவிட்டேன், பார். எனக்கு ஒன்றும் செலவாகவில்லை.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய். நீ அழுதால் உன் அம்மா கேட்பார். உன் அம்மா கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய், ஏனென்றால் உனக்குப் பொய் வராது. எனக்கே சனிக்கிழமை மாலைதான் தெரியும்டீ. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாவாடை உடுத்திக்கொண்டு வெயிலில் ரயிலேறினேன். எதிரே இருந்தவர், “பாப்பா நல்லா சாப்பிடுது போல” என்றார். அம்மாவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

இங்கே அப்பா விமான ஆலையில் இருக்கிறார். உங்கள் அத்தையைவிட வேகமான ஓர் அத்தையைச் செய்கிறார்கள். அதற்குமேல் எழுதக்கூடாது, இங்கேயும் ரகசியம் உண்டு. பள்ளியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், “விமானக்காரர் பெண்” என்று.

உன் அம்மாவுக்குக் காபித் தூள் அனுப்பியிருக்கிறோம். இங்குள்ளவர்கள் நம் ஊர் காபியைக் கேலி செய்கிறார்கள், கோப்பையின் அடியில் வரைந்த பூ தெரிகிற அளவுக்குத் தண்ணீராகப் போடுகிறோமாம். இந்தக் காபியில் பூ தெரியாது.

சீட்டை வைத்திரு. நான் வருவேன்.

ஆல்மூட்

*

டிரெஸ்டன், 20 நவம்பர் 1960

ஆல்மூட்டுக்கு,

இன்னமும் வெறுமையாகத்தான் விட்டிருக்கிறேன். காரணம் இருக்கிறது.

உங்கள் பொட்டலத்தை அம்மா பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். “பூ தெரியற காபியே எனக்குப் போதும். நல்ல பூ அது” என்றார். ஆனால் தபால்காரர் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கிய பிறகு கூடத்தில் வாசனை இருந்தது. அம்மா ஜன்னலைத் திறந்துவைத்தார்.

போன மாதம் ஆலையில் கூட்டம் நடந்தது. உன் அப்பாவைப் பற்றி என் அப்பாவைப் பேசச் சொன்னார்கள். எல்லார் முன்பும் எழுந்து நின்று அவர் சொன்னாராம்: “அவன் போனதால ஒண்ணும் நின்னுடல. அந்தக் கதவு முழுக்க நான் செஞ்சது.” எல்லாரும் கைதட்டினார்கள். நானும் அது சரிதான் என்று நினைக்கிறேன். விட்டுவிட்டுப் போகிறவர் தன் கதவையும் கையோடு கொண்டுபோக முடியாது.

உன் ஜன்னலோரச் சீட்டைக் கிஸேலாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் எங்கும் போகப்போவதில்லை.

அத்தை நலம்.

ஹைட்ரூன்

*

பிரெமன், 8 ஜனவரி 1961

ஹைட்ரூன்,

கிஸேலாவுக்கா? ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கும் கிஸேலாவுக்கா?

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாது. “முழுக்க நான் செஞ்சதுன்னா சொன்னான்?” என்று கேட்டார். மறுபடியும் படிக்கச் சொன்னார். அப்புறம் எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்கினார். அவர் பாத்திரம் துலக்கி நான் இதுவரை பார்த்ததில்லை. துலக்கி வைத்ததையே எடுத்து மறுபடியும் துலக்கினார்.

அவ்வளவுதான் எழுத இருக்கிறது.

ஆல்மூட்

*

டிரெஸ்டன், 26 மார்ச் 1961

அன்புள்ள ஆல்மூட்,

நலமா? நாங்கள் நலம். குளிர் குறைந்துவிட்டது. எல்பா நதியில் நீராவிப் படகுகளுக்கு வண்ணம் அடிக்கிறார்கள். கணக்கில் எனக்கு முதல் மதிப்பெண். அம்மா ஈஸ்டருக்காக முட்டை சேர்த்துவருகிறார்.

அத்தை மிகவும் நலம். நன்றாகப் பறக்கிறாள். போன ஞாயிறுகூடப் பறந்தாள். அப்பாவுக்கு வேலை அதிகம். வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறோம்.

வேறு செய்தி இல்லை.

அன்புடன்,
ஹைட்ரூன்

*

பிரெமன், 16 ஏப்ரல் 1961

அன்புள்ள ஹைட்ரூன்,

‘அன்புள்ள’ வந்துவிட்டது. படித்ததும் சந்தோஷப்பட்டேன், அடுத்த நிமிடம் பயந்துவிட்டேன். நீ ஒரு பக்கத்துக்குமேல் எழுதாத கடிதத்தை நான் பார்த்ததே இல்லை. சந்தேகமும் இல்லை, அகராதியில் தேடின சொல்லும் இல்லை, ஒரு சண்டைகூட இல்லை.

எங்கள் செய்தித்தாளில் உள்பக்க மூலையில் நாலு வரி வந்திருந்தது. உங்கள் ஊரில் ஓர் அத்தை இனி இல்லை என்று போட்டிருந்தது. யாரும் வாங்க வரவில்லையாம், அதனால் மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டார்களாம். செய்தித்தாள்காரர்களுக்கு என்ன தெரியும் என்றார் அம்மா. அப்பா அந்த மூலையை மட்டும் கத்தரித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போன ஞாயிறு பறந்தாள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் செய்திதான் தப்பு. நான் உன்னைத்தான் நம்புகிறேன். நீ எதுவும் எழுத வேண்டியதில்லை.

காபி மறுபடியும் அனுப்பியிருக்கிறோம். திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. எங்களுக்குப் பழகிவிட்டது.

ஆல்மூட்

*

டிரெஸ்டன், 9 ஜூலை 1961

அன்புள்ள ஆல்மூட்,

இதையும் லிண்ட்னர் அம்மாள் கையில்தான் கொடுக்கிறேன். எனவே எல்லாவற்றையும் அதனதன் பெயரிலேயே எழுதலாம். கூடவே ஓர் அலுமினியப் பெட்டியும் வருகிறது. அதற்குள் அவர் தன் வழிப்பயணத்து முட்டை ரொட்டியை வைத்திருப்பார். சாப்பிட்டு முடித்ததும் பெட்டி உன்னுடையது.

உன் செய்தித்தாள் சொன்னது சரி. நான் எழுதியதுதான் பொய். உனக்குப் பொய் வராது என்று நீ எழுதிய வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தக் கடிதத்தை எழுதினேன்.

மார்ச்சில் ஆலையில் எல்லாரையும் கூட்டி, “உற்பத்தி மாற்றியமைக்கப்படுகிறது” என்றார்கள். நான் அகராதியில் பார்த்தேன். ‘மாற்றியமைத்தல்: ஒன்றைச் சிறந்த வேறொன்றாக ஆக்குதல்’ என்று இருந்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “நல்ல அகராதி. கவனமா வெச்சுக்கோ” என்றார். மறுநாள் முதல் விமானங்களை வெட்டத் தொடங்கினார்கள். எங்கே ஆணி இருக்கிறது, எங்கே வெட்டினால் தகடு கிழியாமல் வரும் என்று தெரிந்தவர்கள் வேண்டுமல்லவா? அப்பாதான் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார். மாலையில் வந்து நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்.

வெட்டிய தகட்டை வைத்து, மக்களுக்குப் பயன்படும் பொருள் ஏதாவது செய்யச் சொன்னார்கள். அப்பாவின் குழுவுக்கு விழுந்தது ரொட்டிப் பெட்டி.

இனி எழுதப்போவதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஜூன் முதல் தேதி, குழந்தைகள் தினம். தத்தெடுத்த குழு வகுப்புக்கு வரவேண்டிய நாள். ஆலையிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா வந்தார். கல்யாணத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டில், ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தனியாக. ஆளுக்கொரு ரொட்டிப் பெட்டி கொடுத்தார். பிறகு பலகைக்கு முன்னால் நின்று மூடியைத் திறந்து மூடிக் காட்டினார்.

“பாருங்க, இங்க லேசா அழுத்தினாப் போதும். கொக்கி தானா விழும். உள்ள இருக்கற காத்து வெளிய வராது. ரொட்டி காயாது.”

போன வருடம் இதே பலகைக்கு முன்னால் நின்று கதவைப் பற்றிச் சொன்னாரே, அதே குரல். ஒரு சொல்கூட மாறவில்லை.

கிஸேலா கையைத் தூக்கினாள். “மெட்டிக் சார், எத்தனை ஆயிரம் அடி உயரம் வரைக்கும் முட்டை தாங்கும்?”

வகுப்பு சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், “கடலுக்குப் போறது எப்போ சார்? ரொட்டிக்கு மட்டுந்தான் ஜன்னலோரமா?” என்றான். வெடித்துச் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் புன்னகைத்தார். அந்த நேரத்தில், ஆல்மூட், நானும் சிரித்தேன். வேடிக்கையாக இருந்ததால் அல்ல. சிரிக்காமல் இருந்தால் அவருடைய மகளாகத் தெரிந்துவிடுவேன் என்று. எல்லாருக்கும் தெரியும் நான் யார் மகள் என்று. ஆனாலும் சிரித்தேன். பற்கள் தெரிய.

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடியை இன்னொரு முறை மூடினார். கிறீச் என்றது, பிறகு டொக் என்று விழுந்தது.

மாலை வீட்டில் அவர் எதுவும் கேட்கவில்லை. உங்கள் இரண்டாவது காபியை அம்மா அன்றைக்குத்தான் பிரித்தார். திருப்பி அனுப்பாமல் அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறார். மூவரும் குடித்தோம். கோப்பையில் பூ தெரியவில்லை. நாம் திட்டியவர்கள் கொடுத்ததை நாமே குடிப்பது எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பிறகு நான் சொன்னேன்: “அப்பா, ஒரு பெட்டி எனக்கு வேணும். ஆல்மூட்டுக்கு.”

உங்களுக்கு எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. உள்ளே போய்த் தன் பெட்டியையே எடுத்துவந்தார். முதலில் செய்து பார்த்த பெட்டி அது. கட்டைவிரலால் மூடியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

“கொக்கி என்னுது. கீல் அவனுது” என்றார். “கதவுலயும் அப்படித்தான். கூட்டத்துல நான் வேற மாதிரி சொல்லிட்டேன்.” மூடியை மூடிவிட்டு, “நீ எழுதறப்போ அதச் சொல்லிடு. நான் சொன்னேன்னே சொல்லு” என்றார்.

அதனால்தான் சொல்கிறேன். வகுப்பில் நான் சிரித்ததைப் பற்றி அவரிடம் நான் இன்னும் பேசவில்லை. எப்படித் தொடங்குவது என்று உனக்குத் தெரிந்தால் எழுது. நீ எப்போதும் சட்டென்று தொடங்கிவிடுவாய்.

ஹைட்ரூன்

*

பிரெமன், 6 ஆகஸ்ட் 1961

அன்புள்ள ஹைட்ரூன்,

இதையும் லிண்ட்னர் அம்மாள்தான் திரும்பும்போது எடுத்துவருகிறார். நீ உண்மையை எழுதிவிட்டாய். இப்போது என் முறை. விமானக்காரர் பெண் என்று எழுதினேனே, அது பொய். இங்கே விமான ஆலையில், “அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தவரா? பாத்துச் சொல்றோம்” என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்பா குளிர்பதனப் பெட்டி செய்கிற இடத்தில் இருக்கிறார். கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டும் பகுதி. “அங்க காத்து வெளிய போகக்கூடாது, இங்க குளிரு வெளிய போகக்கூடாது. ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். பாதியில் சிரிப்பு நின்றுவிடும். பள்ளியில் நான் அவர் செய்கிற விமானம் என்று படமே வரைந்து காட்டியிருக்கிறேன். உங்கள் அத்தையைத்தான் வரைந்தேன். எனக்கு வேறு விமானம் தெரியாது.

உன் மார்ச் மாதக் கடிதம் பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். கேட்டிருந்தால் நீ என்னைத் திருப்பிக் கேட்டிருப்பாய். அதனால் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அகராதிதான்டீ.

இப்போது பெட்டி. லிண்ட்னர் அம்மாளை எல்லையில் திறக்கச் சொன்னார்களாம். அதிகாரி முட்டை ரொட்டியைப் பார்த்தார். அம்மாள், “வேணுமா தம்பி? ஒரு கடி கடிச்சிக்கோ” என்றாராம். அவர் முகம் சிவந்து மூடிவிட்டாராம்.

போன ஞாயிறு அதைச் சமையலறை மேசையில் வைத்துத் திறந்து மூடினேன். அப்பா குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். உன் கடிதத்தைப் பற்றி நான் அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கிறீச், டொக். அவ்வளவுதான். பாதி முகத்தில் நுரையோடு வாசலில் வந்து நின்றார்.

“மெட்டிக் வந்திருக்கானா?” என்று கேட்டார்.

பெட்டியைக் காட்டினேன். திறந்தார், மூடினார். அம்மா வந்து, “முகத்தக் கழுவிட்டாவது வாங்களேன்” என்றார். அவருக்குக் காதில் விழவில்லை. நுரை காய்ந்து உதிர்ந்தது. உன் கடிதத்தில் அந்த இடத்தைப் படித்தேன்: கொக்கி என்னுது, கீல் அவனுது. மறுபடியும் படிக்கச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

“கீல் என்னுதுதான்” என்றார். “ஆனா எண்ணெய் போடல. அவன் என்னிக்குமே போடமாட்டான். வோல்கால இருந்தப்பவும் போடமாட்டான். கீல் கத்தும், கேட்டா, கதவு இருக்கறது ஊருக்குத் தெரியணும்லன்னுவான். எழுது, எண்ணெய் போடச் சொல்லி எழுது. வேணாம், விடு. நானே கொண்டுவரேன்.”

ஆம்! அக்டோபர் விடுமுறையில் பெர்லினுக்கு வருகிறோம். நீங்களும் ரயிலேறி வந்துவிடுங்கள். விலங்குகளை நிஜமாகவே பார்த்துவிடலாம். எண்ணெய்ப் புட்டியை அப்பா இப்போதே தன் கோட்டுப் பையில் போட்டுவிட்டார். அம்மா தினமும் எடுத்து வெளியே வைக்கிறார்.

திங்கள் காலை அவர் தன் ரொட்டியை அந்தப் பெட்டியில் வைத்து வேலைக்கு எடுத்துப்போனார். அது என் பெட்டி. கேட்கக்கூட இல்லை.

நீ கேட்டாயே, எப்படித் தொடங்குவது என்று. “அப்பா, நான் சிரிச்சேன்” என்று தொடங்கு. அதற்குமேல் அவர் பார்த்துக்கொள்வார்.

ஆல்மூட்

*

டிரெஸ்டன், 10 செப்டம்பர் 1961

அன்புள்ள ஆல்மூட்,

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி பெர்லினில் எல்லை நெடுக முள்கம்பி போட்டு அடைத்ததை உங்கள் செய்தித்தாள் உள்பக்க மூலையில் போட்டிருக்காது. இப்போது சுவர் எழுப்புகிறார்கள். லிண்ட்னர் அம்மாளுக்கு அடுத்த அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். இது தபாலில் வருகிறது, படிப்பவர்கள் படிக்கட்டும்.

பள்ளி திறந்ததும் அந்த முள்கம்பியைப் பாராட்டிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். முதல் மதிப்பெண். உன்னைத் தவிர யாரிடமும் இதை வெட்கப்பட்டுச் சொல்ல முடியாது, மற்றவர்கள் வாழ்த்துகிறார்கள்.

நீ சொன்னபடியே தொடங்கினேன். “அப்பா, நான் சிரிச்சேன்.” அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். “தெரியும்” என்றார். “நானும் அன்னிக்குக் கூட்டத்துல கைதட்டு வந்தப்போ சிரிச்சேன்.” தடவிய ரொட்டியை என் தட்டில் வைத்தார். அவ்வளவுதான் பேசினோம்.

உன் கடிதத்தில் எண்ணெய் பற்றி எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். அலமாரியில் மிச்சம் இருந்த பெட்டிகளை எல்லாம் மேசையில் பரப்பி, அம்மாவின் தையல் இயந்திர எண்ணெயைக் கீலுக்குக் கீல் சொட்டுவிட்டார். நன்றாகத் துடைத்தார். இப்போது எதுவும் கிறீச்சிடுவதில்லை. கொக்கி மட்டும் விழுகிறது.

ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தார். எண்ணெய் போடவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் கையில் எடுத்தேன்.

“அத விடு” என்றார். “அது அவன் வந்து போடட்டும்.”

தினமும் காலையில் அந்தப் பெட்டியைத்தான் வேலைக்கு எடுத்துப்போகிறார். சமையலறையில் மூடும்போது ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது.

ஹைட்ரூன்